அரைப் பென்னி இங்கிலாந்து

1894-இல் பிரிட்டனில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடந்தன. நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்த எஸ்டேட் டியூட்டி ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. சொத்துக்காரர் இறந்தால் அவர் விட்டுப்போன மொத்தச் சொத்துக்கும் வரி. சொத்து பத்து லட்சம் பவுண்டைத் தாண்டினால் 8 சதவீதம். செப்டம்பர் 1-ஆம் தேதி தபால் துறை ஓர் அனுமதி கொடுத்தது: தனியார் அச்சடித்த படக் கார்டுகளையும் இனிமேல் அரைப் பென்னி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம். முதல் விஷயம் இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகள் பலவற்றைச் சாய்த்த காரணங்களில் ஒன்று. இரண்டாவது, சாய்வதற்கு முன்பு அவை எப்படி இருந்தன என்பதை நமக்கு மிச்சம் வைத்தது. அன்றைக்கு இந்த இரண்டையும் யாரும் சேர்த்து யோசித்திருக்க மாட்டார்கள். பழைய தபால் அட்டை சேர்க்கிற கிறுக்கு பிடித்த பிறகு என்னால் இரண்டையும் பிரித்து யோசிக்க முடிவதில்லை.

நமக்கெல்லாம் போஸ்ட் கார்டு என்றால் படமே இல்லாத அட்டைதான். இந்தியாவில் 1879 ஜூலையில் காலணா விலையில் வந்தது. பிரிட்டனிலும் 1870 அக்டோபர் 1-ஆம் தேதி வந்தது அப்படிப்பட்ட வெற்று அட்டைதான். தபால் துறையே அச்சடித்து விற்றது. 1894-க்குப் பிறகு படம் வந்தாலும் ஒரு தொல்லை இருந்தது. ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளை ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுத வேண்டும். 1902 ஜனவரியில்தான் முகவரிப் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடது பாதியில் சேதி எழுதலாம் என்று விட்டார்கள். இதை முதலில் செய்த நாடு பிரிட்டன். ஜெர்மனியும் அமெரிக்காவும் பின்னால்தான் வந்தன. ஒரு கோடு போட்டதில் மறுபக்கம் முழுதும் படத்துக்கு என்று ஆகிவிட்டது.

அதன் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களை வெறி என்றுதான் சொல்ல வேண்டும். 1910-ஐ ஒட்டிய வருடங்களில் பிரிட்டிஷ் தபால் துறை ஆண்டுக்கு 80 கோடிக்கும் மேல் கார்டுகளைக் கையாண்டது. வீட்டில் தொலைபேசி இல்லாத காலம். தபாலோ ஒரு நாளைக்குப் பல தடவை வரும். காலையில் போட்ட கார்டு பக்கத்து ஊருக்கு மாலைக்குள் போய்விடும். 'நாலு மணி ரயிலில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு வா' என்கிற மாதிரி சேதிகள்தான் பெரும்பாலும். அந்தச் சேதிக்கு மறுபக்கத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு குளம், வைக்கோல் கூரை வேய்ந்த நாலு வீடுகள். அனுப்பினவருக்கும் வாங்கினவருக்கும் படம் முக்கியமாகவே இருந்திருக்காது. அதிர்ஷ்டவசமாக, எல்லோரும் ஆல்பத்தில் போட்டு வைத்தார்கள்.

கிராமத்தைப் படம் எடுத்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை பெரிய கம்பெனிகள். இதில் பிரான்சிஸ் ஃப்ரித் கதை எனக்குப் பிடித்தது. 1822-இல் செஸ்டர்ஃபீல்டில் பிறந்தவர், க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். லிவர்பூலில் மளிகை மொத்த வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்து, முப்பதுகளின் நடுவிலேயே கடையை விற்றுவிட்டு, கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் தூக்கிக்கொண்டு எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனார். பாலைவன வெயிலில் கூடாரத்துக்குள் தகடு தயாரித்துப் பிரமிடுகளை எடுத்தவர், திரும்பி வந்து சர்ரியில் ரைகேட் என்ற ஊரில் கம்பெனி தொடங்கி, பிரிட்டனில் இருக்கும் ஒவ்வொரு ஊரையும் கிராமத்தையும் படம் எடுத்துவிடுவது என்று இறங்கினார். சாத்தியமே இல்லாத காரியம். 1898-இல் அவர் இறந்தபோது அது முடியவில்லை. குடும்பம் தொடர்ந்தது, கம்பெனி தபால் அட்டைக்குள் நுழைந்தது, 1970-ஐ ஒட்டி மூடும் வரை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சுமார் 7,000 ஊர்கள் சேர்ந்திருந்தன.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து வாலன்டைன் கம்பெனி இன்னொரு பெரிய கை. லண்டனில் ராஃபேல் டக். அவர்கள் 1903-இல் 'ஆய்லெட்' என்ற பெயரில் எண்ணெய் ஓவியம் மாதிரி தெரிகிற கார்டுகளை விட்டு, மத்தியதர வீடுகளின் ஆல்பங்களை நிரப்பினார்கள். ஹேஸ்டிங்ஸில் ஃப்ரெட் ஜட்ஜ், பழுப்பு நிறத்தில் மூடுபனியும் மாலை வெளிச்சமுமாக எடுப்பவர். ஜட்ஜ் கார்டுகளை ஆராதிக்கிறவர்கள் நிறைய. எனக்கு அவை கொஞ்சம் அலுப்பு. மூடுபனியில் எல்லாக் கிராமமும் ஒரே கிராமம்தான்.

இரண்டாவது வகை உள்ளூர் ஆள். மருந்துக் கடையோ ஸ்டேஷனரிக் கடையோ வைத்திருப்பார், கேமராவும் வைத்திருப்பார். தேர்த்திருவிழா மாதிரி அங்கே நடக்கும் கிராமத்துக் கண்காட்சி, வெள்ளம், தீப்பிடித்த வைக்கோல்போர், கவிழ்ந்த வண்டி எல்லாவற்றுக்கும் ஓடுவார். அன்றிரவே கழுவி, தபால் அட்டை அளவுப் புகைப்படத் தாளில் கொஞ்சம் பிரதிகள் போட்டு, மறுநாள் தபால் ஆபீஸ் ஜன்னலில் வைத்துவிடுவார். இவை அச்சு இல்லை, அசல் புகைப்படம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்: அச்சுக் கார்டு புள்ளி புள்ளியாக உடையும், புகைப்படக் கார்டில் உள்ளே போகப் போக இன்னும் விவரம் வந்துகொண்டே இருக்கும். கடை வாசலில் தொங்கும் விளம்பரப் பலகையின் எழுத்தைப் படிக்கலாம். தேவாலயக் கதவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் தெரியும். பழசாகிவிட்டால் இருட்டான பகுதிகளில் வெள்ளி மினுங்கும். சேகரிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் விலையை ஏற்றிச் சொல்வார்கள்.

கார்டு கையில் கிடைத்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். நடுவில் கோடு இல்லையென்றால் 1902-க்கு முந்திய அச்சு. அரைப் பென்னிப் பச்சை ஸ்டாம்பில் ஏழாம் எட்வர்ட் தலை இருந்தால் பெரும்பாலும் 1910-ஐ ஒட்டிய காலத்துக்குள். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பிறகு. ஒரு பென்னி ஒட்டியிருந்தால் 1918 ஜூனுக்குப் பிறகு இருக்கலாம். அந்த மாதத்தில்தான் 48 வருடமாக மாறாமல் இருந்த அரைப் பென்னிக் கட்டணம் இரட்டிப்பானது. ஆனால் இதெல்லாம் கார்டை அனுப்பிய காலம், படம் எடுத்த காலம் இல்லை. கடைக்காரர்கள் பழைய சரக்கைப் பதினைந்து வருடம் கூட வைத்து விற்பார்கள். படத்துக்குள் தேட வேண்டும். மோட்டார் கார் ஒன்று மூலையில் நின்றால் நம்பர் பலகை இருக்கிறதா பார்க்கலாம். 1904 ஜனவரியிலிருந்துதான் அது கட்டாயம். எழுத்து எஃப்-எக்ஸ் என்றால் வண்டி டார்செட்டில் பதிந்தது. ஊர்ப் பொதுப்புல்வெளியில் கல் சிலுவை நின்றால், அநேகமாக முதல் உலகப்போர் முடிந்து எழுப்பிய நினைவுச் சின்னம். அப்படியானால் படம் 1919-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அந்தச் சிலுவை இல்லாத கார்டுகளில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். தெரு நடுவில் பையன்கள் நிற்பார்கள். முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஒருவர் ஊருக்குள் வந்தால் பள்ளிக்கூடமே வந்து நின்றிருக்கும் போல. தொப்பி, அளவு பெரிதான பூட்ஸ், கையைப் பையில் விட்டுக்கொண்டு நேராக லென்ஸைப் பார்க்கிற பார்வை. நடுத்தெருவில் இப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம் போக்குவரத்தே இல்லாததுதான். தெரு வெள்ளையாக இருக்கும். தார் போடுவதற்கு முந்திய சுண்ணாம்புக்கல் புழுதி. கோடையில் மோட்டார் கார் ஒன்று போனால் வேலிச்செடிகள் எல்லாம் மாவு பூசின மாதிரி ஆகிவிடும் என்று அந்தக் காலத்தில் புகார் மேல் புகார் எழுந்திருக்கிறது. கார்டில் அந்தப் புழுதி பளிச்சென்று அழகாகத்தான் விழுந்திருக்கிறது.

அப்புறம், திருத்தும் வேலை. இதைச் சொல்லாமல் இந்தக் கார்டுகளைப் பற்றிப் பேசவே கூடாது. ஊர் பழசாக, அமைதியாக, மாறாததாகத் தெரிந்தால்தான் கார்டு விற்கும். அதே நெகடிவை வருடக்கணக்கில் ஓட்டவும் வேண்டும். ஆகவே தந்திக் கம்பம் படத்திலிருந்து காணாமல் போகும். காரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். சில சமயம் சக்கரத்தின் நிழல் மட்டும் தெருவில் கிடக்கும். நிறம் ஏற்றும் வேலை முதல் உலகப்போர் வரை பெரும்பாலும் ஜெர்மனியில்தான். சாக்ஸனியில் உட்கார்ந்திருக்கிற அச்சுக்கூடத் தொழிலாளிக்கு டெவன் மண் சிவப்பு என்று யார் சொல்வார்? குறிப்புத் தாளில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தோன்றிய நிறம். பகலில் எடுத்த படத்தை நீல நிறத்தில் அச்சடித்து, மேலே ஒரு நிலாவை ஒட்டி, நாலு ஜன்னலுக்கு மஞ்சள் பூசினால் 'நிலா வெளிச்சத்தில்' கார்டு தயார். நிழல் ஒரு பக்கமும் நிலா எதிர்ப் பக்கமும் இருக்கும். இவற்றை நான் ஆசையாக வாங்குவேன்.

திருத்தத்துக்கு அவசியமே இல்லாத வழி, ஓவியமாகவே வரைந்துவிடுவது. ஏ. ஆர். க்வின்டன் இதில் ராஜா. 1853-இல் பிறந்தவர். கென்ட்டில் செவனோக்ஸ் ஊரின் சால்மன் கம்பெனிக்காக 1911-12 வாக்கில் தொடங்கி, 1934-இல் சாகும் வரைக்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்களை வரைந்து தள்ளினார். நல்ல சைக்கிள்காரர், நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டியவர். குடிசை வாசலில் ஹாலிஹாக் பூ, கதவருகே ஏப்ரன் கட்டிய பெண், தெருவில் கோழி, தூரத்தில் கோபுரம். காரும் கம்பமும் பெரும்பாலும் கண்ணில் படாது. 1920-களில் வரைந்த படங்களிலும் விக்டோரியா ராணி இன்னும் இருக்கிற மாதிரியே தோன்றும். கை சுத்தமான கை, அதில் சந்தேகமில்லை. வெளிச்சம் கல்லில் விழுவதை அவர் அளவுக்குப் பிடித்தவர்கள் குறைவு.

அந்தக் குடிசைகளுக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்டால் கதை வேறு. 1914-க்கு முன்பு தென் இங்கிலாந்தில் விவசாயக் கூலிக்கு வாரச் சம்பளம் ஒரு பவுண்டைத் தொடாது. வீடு பெரும்பாலும் பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். மண் தரை அல்லது ஈரம் ஏறும் கல் தரை, நாலு குடும்பத்துக்கு ஒரு கிணறு, இரண்டு படுக்கையறையில் எட்டுப் பேர். 1870-களிலிருந்து அமெரிக்கக் கோதுமை மலிவு விலையில் வந்து இறங்க, நிலத்து வருமானம் சரிந்தது. இளசுகள் ரயிலேறி நகரத்துக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். பழுதுபார்க்கப் பணமில்லாததால் கூரை பாசி பிடித்துத் தொய்ந்தது. அந்தத் தொய்வுதான் படத்தில் அழகு. வறுமையே அழகாக விலைபோனது என்று சொன்னால் கடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் நகரத்திலிருந்து சைக்கிளில் வந்து கார்டு வாங்கிய குமாஸ்தாவின் குடும்பமே இரண்டு தலைமுறைக்கு முன் அதே மாதிரி குடிசையிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வாங்கினது பாட்டியின் வீட்டை.

பழமை என்று நாம் நம்புவதே சில ஊர்களில் ஏற்பாடுதான். டார்செட்டில் மில்டன் அப்பாஸ். கார்டுகளில் அதைவிடப் பழைய ஊர் இருக்க முடியாது: சரிவுத் தெரு, இரு பக்கமும் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக ஒரே மாதிரி வீடுகள், நடுவில் புல். உண்மையில் அங்கே பக்கத்திலேயே மிடில்டன் என்று ஒரு சந்தை ஊர் இருந்தது. லார்ட் மில்டன் ஜோசஃப் டேமர் என்ற பிரபு, தன் மாளிகையிலிருந்து பார்த்தால் அந்த ஊர் கண்ணை உறுத்துகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக மொத்த ஊரையும் வாங்கி இடித்தார். நிலக்காட்சிக் கலைஞர் கேபபிலிட்டி பிரவுனை வைத்து, 1780 வாக்கில் மலை மறைவில் 36 வீடுகளோடு புது ஊர் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு குடும்பம். ஆக, 'என்றென்றும் மாறாத ஆங்கிலக் கிராமம்' என்று கோடை விருந்தினர்கள் வாங்கிப் போட்டது ஒரு மறுகுடியமர்த்தல் காலனியின் படம். நம்மூரில் அணைக்கட்டுக்காக ஊரைத் தூக்குவார்கள். இவர் ஜன்னல் காட்சிக்காகத் தூக்கினார்.

டெவனில் கிளவெல்லி இன்னொரு விதம். கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் கல் பாவிய தெரு, வண்டி போகாது; மூட்டை சுமக்கக் கழுதை, இழுத்துப் போகச் சறுக்குப் பலகை. 1884-இலிருந்து 1936 வரை ஊர் முழுவதும் கிறிஸ்டீன் ஹாம்லின் என்ற ஒரே அம்மாளின் சொத்து. வீடுகளைச் செப்பனிட்டு, தன் பெயரின் முதலெழுத்துகளையும் வருடத்தையும் சுவரில் பதித்து வைத்தார். ஊரின் தோற்றம் அவர் காலத்தோடு உறைந்துவிட்டது. கிளவெல்லிக் கழுதை கார்டுகள் எந்தச் சந்தைப் பெட்டியிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அதனாலேயே எனக்கு ஆர்வமில்லை.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வயல் காட்சிக் கார்டுகளை வரிசையாகப் பார்த்தால், வேலியோரம் உயரமாக, மேகம் மாதிரி அடுக்கடுக்காக நிற்கும் ஒரு மரம் திரும்பத் திரும்ப வரும். எல்ம். 1960-களின் கடைசியிலிருந்து வண்டு மூலம் பரவிய பூஞ்சை நோயில் பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் செத்தன. இன்றைக்கு முப்பது நாற்பது வயதான ஆங்கிலேயர்கள் தங்கள் ஊரிலேயே அந்த வடிவத்தைப் பார்த்ததில்லை. எந்தப் புகைப்படக்காரரும் எல்ம் மரத்தைப் பதிவு செய்கிறேன் என்று போகவில்லை. படத்துக்கு ஓரம் கட்ட ஒரு மரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, மாளிகைகளுக்கு வருகிறேன். ஸ்டாஃபோர்ட்ஷயரில் டிரென்தம் ஹால், சதர்லண்ட் பிரபுவின் அரண்மனை. சார்லஸ் பாரி வடிவமைத்த இத்தாலியத் தோட்டம், ஏரி, சிலைகள். கார்டில் பார்த்தால் மூச்சு நிற்கும். கார்டில் வராதது நாற்றம். பக்கத்துப் பீங்கான் ஆலை நகரங்களின் கழிவு டிரென்ட் ஆற்றில் கலந்து மாளிகை வாசலிலேயே ஓடியது. குடும்பம் 1905 வாக்கில் அங்கே இருப்பதை விட்டது. இலவசமாகக் கொடுத்தும் கவுன்டி கவுன்சில் (மாவட்ட உள்ளாட்சி) வேண்டாம் என்றது. அடுத்த சில வருடங்களில் பெரும்பகுதியை இடித்துப்போட்டார்கள். மாளிகைகள் எல்லாமே வரியால் விழுந்தன என்று சொல்கிறவர்களுக்கு நான் டிரென்தம் கார்டைக் காட்டுவேன்.

ஆனால் வரியும் சும்மா இருக்கவில்லை. 8 சதவீதத்தில் தொடங்கியது 1919-இல் பெரிய சொத்துகளுக்கு 40, 1949-இல் 80. தகப்பனும் மகனும் அடுத்தடுத்து இறந்தால் ஒரே சொத்துக்கு இரண்டு அடி. நாட்டிங்ஹாம்ஷயரில் நியூகாசில் பிரபுவின் கிளம்பர் மாளிகை 1879-இல் தீப்பிடித்து, புதுப்பித்து எழுந்து, ஏரிக்கரையில் கம்பீரமாக நின்றது. கார்டுகளில் இரண்டு மைல் நீளத்துக்கு எலுமிச்சை மரச் சாலையும் உண்டு (நம் எலுமிச்சை அல்ல, லைம் என்று அவர்கள் சொல்வது வேறு மரம்). 1937-இல் உள்ளே இருந்ததெல்லாம் ஏலம் போனது. 1938-இல் கட்டடத்தையும் பிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தேவாலயத்தைத் தொடவில்லை. இப்போது அங்கே போனால், ஒரு கதீட்ரலுக்குரிய கோபுரத்தோடு தேவாலயம் மட்டும் தன்னந்தனியாகப் புல்வெளியில் நிற்கிறது. அது யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் நின்றது என்று புரிய கார்டு வேண்டும். 2018 கோடை வறட்சியில் புல் காய்ந்தபோது, மாளிகையின் அஸ்திவாரக் கோடுகள் தரையில் வரைபடம் மாதிரி தெரிந்தன.

மாளிகைக் கார்டுகளில் எனக்கு விலைமதிப்பில்லாதவை சேதி எழுதியவைதான். பிரபுக்கள் இந்தக் கார்டுகளை அதிகம் அனுப்பவில்லை. அனுப்பினது அங்கே வேலை செய்த பெண்கள். நூறு ஜன்னல் இருக்கிற முகப்பில், கூரைக்கு அடியில் ஒரு குட்டி ஜன்னலில் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருக்கும்; அது என் அறை என்று பின்னால் எழுதியிருக்கும். முதல் உலகப்போரில் பல மாளிகைகள் ஆஸ்பத்திரி ஆனபோது, காயம்பட்ட சிப்பாய்களும் அதே குறியைக் கீழ்த்தளத்துப் பெரிய ஜன்னல்களில் போட்டார்கள். ஒரே முகப்பின் இரண்டு கார்டுகள், ஒன்றில் குறி மேலே, இன்னொன்றில் கீழே. யார் எந்த மாடியில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது. விற்பவர்கள் பலர் 'பேனாக் குறியால் பழுதானது' என்று எழுதி விலையைக் குறைத்து வைக்கிறார்கள். நல்லது, வைக்கட்டும்.

1955 வாக்கில் ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒரு மாளிகை விழுந்துகொண்டிருந்தது. 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இழந்த மாளிகைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். இடிந்து சரியும் தூண்கள் மாதிரி செட் போட்டு, அதில் மறைந்த மாளிகைகளின் படங்களை ஒட்டி, பின்னணியில் ஒரு குரல் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருந்தது. போனவர்கள் அழுதார்கள் என்கிறார்கள். இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி 1953-இல் வந்து 1985-இல் போனது. நம் ஜமீன் பங்களாக்களுக்கு யாரும் பெயர் வாசித்ததாகத் தெரியவில்லை. அதற்காக நான் அழப்போவதும் இல்லை.

கிராமமே மறைந்த இடங்களில் கார்டின் கதை இன்னும் கூர்மை. சஃபோக் கடற்கரையில் டன்விச், ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286-லும் 1328-லும் அடித்த புயல்களில் பெரும் பங்கு கடலுக்குள் போனது. கடைசியாக மிஞ்சிய ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் 1904-க்கும் 1919-க்கும் இடையில், பாறை விளிம்பிலிருந்து துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. சரியாகத் தபால் அட்டை உச்சத்தில் இருந்த வருடங்கள். புகைப்படக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து எடுத்தார்கள். வரிசையாக அடுக்கினால் ஒரு கார்டில் முழுக் கோபுரமும் பாதிச் சுவரும், அடுத்ததில் கோபுரம் மட்டும், அடுத்ததில் கோபுரத்தின் ஒரு முனை. அத்தனையும் ஊருக்கு வந்தவர்கள் 'வானிலை அருமை' என்று எழுதி அனுப்பினவை.

டெவனில் ஹால்சாண்ட்ஸ் மீனவர் ஊருக்கு நேர்ந்தது மனிதர் கைவேலை. டெவன்போர்ட் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்க 1897-இலிருந்து அந்தக் கடற்கரைக் கூழாங்கல்லை அள்ளினார்கள். சுமார் ஆறரை லட்சம் டன். ஊர்க்காரர்கள் கத்திக் கத்தி 1902-இல் நிறுத்த வைத்தார்கள், ஆனால் கரை இறங்கிவிட்டது. 1917 ஜனவரி 26 இரவு வந்த புயலில் ஊர் போனது. உயிர்ச்சேதம் இல்லை. குடியிருக்க லாயக்காக மிஞ்சியது ஒரே வீடு. அதில் ஒரு பெண்மணி 1964 வரை இருந்தார். பழைய ஹால்சாண்ட்ஸ் கார்டில் வீடுகளுக்கு முன்னால் அகலமாகக் கூழாங்கல் திட்டு, அதில் படகுகள், வலைகள். சாதாரண மீனவர் ஊர்க் காட்சிதான். அந்தத் திட்டின் அகலம்தான் ஊருக்கு அரண் என்று கார்டு எடுத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

டார்பிஷயரில் டெர்வென்ட் கிராமம் லேடிபவர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போனது. 1672-இல் கட்டிய டெர்வென்ட் ஹால், தேவாலயம், பாலம் எல்லாம் கார்டுகளில் உண்டு. கோபுரம் மட்டும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு சில வருடம் நின்றது, அதற்கும் கார்டு போட்டார்கள். 1947 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். டார்செட்டின் டைனம் 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காகக் காலியானது. 225 பேர். ஊரை அன்பாக நடத்துங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்று தேவாலயக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள், திரும்ப விடவில்லை. அங்கே இருந்த எலிசபெத் காலத்து மாளிகையும் 1960-களில் பாதி இடிக்கப்பட்டது. கூரையோடும் திரைச்சீலையோடும் டைனம் தெருவைப் பார்க்க வேண்டுமானால் கார்டுகளைத்தான் நாட வேண்டும்.

இதே காலத்தில் கொழும்பில் பிளேட் கம்பெனி நுவரெலியாவை எப்படிக் கார்டாக்கியது என்று ஒப்பிட்டால் ஒரு விஷயம் தெரியும். ஏரி, புல்வெளி, கிராண்ட் ஹோட்டல். சர்ரியில் எடுத்த படமோ என்று தோன்றும் அளவுக்குச் சட்டம் கட்டியிருப்பார்கள். அந்த மலையைத் தேயிலையாக மாற்றிய நம் ஆட்கள் அந்தப் படத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் 'தமிழ்க் கூலிகள்' என்று தலைப்பிட்டுத் தனிக் கார்டு. ஆங்கிலக் கிராமத்துக் கார்டில் கூலிக்காரனுக்கும் பெயர் கிடையாதுதான், ஆனால் அவனைக் காட்சிக்குள்ளேயே நிற்க விட்டார்கள்.

ராஃபேல் டக்கின் லண்டன் தலைமையகம் 1940 டிசம்பர் 29 இரவு குண்டுவீச்சில் எரிந்து, மூல ஓவியங்களும் பதிவேடுகளும் சாம்பலாகின. ஃப்ரித் கம்பெனி மூடியபோது சேகரிப்பை ஒரு சிகரெட் கம்பெனி வாங்கியதால் தப்பியது. இப்போது இணையத்தில் ஊர்ப்பெயர் தட்டித் தேடலாம். வாலன்டைன் படங்கள், லட்சத்துக்கும் மேல், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. க்வின்டனை வளர்த்த சால்மன் 1880-இலிருந்து நடத்திய தொழிலை 2017-இல் நிறுத்திக்கொண்டது. விடுமுறைகள் குறுகிவிட்டன, போட்டோவைப் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

நான் இப்போது தேடுவது யாரும் தேடாத ஒன்று. 1919-இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு, கிராமங்களின் ஓரத்தில் கவுன்சில் வீடுகள் (உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்டவை) எழுந்தன: இரட்டை இரட்டையாக, சிமென்ட் பூச்சு, பின்னால் காய்கறித் தோட்டம், உள்ளே குளிக்கத் தொட்டி. கூலிக்காரக் குடும்பம் முதல்முறையாக ஈரமில்லாத வீட்டில் தூங்கியது அங்கேதான். புகைப்படக்காரர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு தேவாலயப் பக்கமே எடுத்திருக்கிறார்கள். எப்போதாவது உள்ளூர் ஆள் ஒருவர் எடுத்திருப்பார். புது வேலிக் கம்பி, இன்னும் வளராத ரோஜாச் செடி, வாசலில் ஒரு குடும்பம். சந்தையில் 'அடையாளம் தெரியாத வீடுகள்' என்ற பெட்டியில் ஐம்பது பென்ஸுக்குக் கிடக்கும். உங்களில் யாராவது இங்கிலாந்தில் பழைய சாமான் சந்தைப் பக்கம் போனால் அந்தப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள். கிளவெல்லிக் கழுதை வேண்டாம்.